சரியாக உட்காராத ஸ்பெஷல் கான்டாக்ட் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெடிக்கல் ஷாப்பில் டப்பாவாக வாங்கிப் போடும் சாஃப்ட் லென்ஸைப் பற்றி இங்கே பேச்சில்லை. கெரட்டோகோனஸ் என்கிற கூம்புக் கருவிழி, கருவிழி மாற்று அறுவைக்குப் பிறகான மேடுபள்ளம், லேசிக் செய்த பிறகு முன்னால் தள்ளிக்கொண்ட கருவிழி, ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்கிற கடுமையான ஒவ்வாமை நோய் வந்து வறண்டுபோன கண், இப்படிப்பட்டவர்களுக்கு அளவெடுத்துச் செய்கிற ஆர்ஜிபி (காற்றை உள்ளே விடுகிற கெட்டி லென்ஸ்), அதிலேயே ஒரு வகையான ரோஸ் கே, வெள்ளைவிழி வரை பரவி உட்காருகிற பெரிய ஸ்க்ளீரல் லென்ஸ்களைப் பற்றித்தான். காசும் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய லென்ஸ் கண்ணில் சரியாக உட்காரவில்லை என்றால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, இந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு சென்னைத் தூசியில் வண்டி ஓட்டுகிற ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுத்துகிறது. புது லென்ஸ் என்பதாலா, இல்லை பிட்டிங்கே தப்பா?

எந்த லென்ஸ் என்பதைப் பொறுத்தது. ஆர்ஜிபி என்றால் முதல் ஒன்றிரண்டு வாரம் உறுத்தல் இருக்கத்தான் செய்யும். அந்த உறுத்தல் பெரும்பாலும் கருவிழியில் வருவதில்லை, ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் மேல் இமையின் ஓரம் லென்ஸ் விளிம்பில் தட்டுகிறதே, அதனால் வருவது. கீழே குனிந்து பார்த்தால் குறையும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது பழகுகிற உறுத்தல்.

பழகாத உறுத்தலின் போக்கே வேறு. காலையில் ஒன்றும் தெரியாது, மதியத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். தினமும் ஒரே இடத்தில் குத்தும். கழற்றிய பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் சிவப்பு அடங்காது. கழற்றிய பிறகு தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும், அதாவது கருவிழிக்குக் காற்று போதாமல் லேசாக வீங்கியிருக்கிறது. இதில் எது இருந்தாலும் பிட்டிங்கைத் திரும்பப் பார்த்தாக வேண்டும்.

ஸ்க்ளீரல் லென்ஸுக்கு இந்தச் சலுகைக் காலமே கிடையாது. அது கருவிழியைத் தொடாமல் மேலே பாலம் போட்டதுபோல் நின்று, உணர்ச்சி குறைவான வெள்ளைவிழியில் உட்காருகிற லென்ஸ். முதல் நாளிலேயே ஓரளவு சுகமாக இருக்க வேண்டும். ஸ்க்ளீரல் வலிக்கிறது என்றால் ஒன்று போட்ட விதம் தப்பு, அல்லது லென்ஸின் அளவு தப்பு.

"போடப் போடப் பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களே?

எனக்குக் கோபம் வருகிற வாக்கியம் இது. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. நம் ஊரில் டாக்டர் சொல்லிவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது ஒரு பழக்கம், அதுவும் பிள்ளைகள் லென்ஸ் வலிக்கிறது என்று சொன்னால் "இவ்வளவு செலவு பண்ணி வாங்கியிருக்கு, போட்டுப் பழகு" என்று வீட்டில் இன்னொரு பங்கு அதட்டல் கிடைக்கும். இமை பழகும். லென்ஸின் பின்பக்க வளைவு உங்கள் கருவிழியின் முனையில் போய் உரசுகிறது என்றால் அது பழகாது, அங்கே வடு விழும். கெரட்டோகோனஸ் கண்ணில் கூம்பின் நுனியில் வடு விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் பார்வை முழுசாக வராது.

அதனால் "எத்தனை நாளில் பழகும், அதற்குள் பழகாவிட்டால் என்றைக்கு வந்து காட்டட்டும்?" என்று அங்கேயே கேளுங்கள். தேதி சொல்ல முடிந்தவரிடம் தொடரலாம்.

ஆர்ஜிபி லென்ஸில் பிட்டிங் தப்பு என்றால் என்ன தப்பு?

மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: நடு, ஓரம், அசைவு.

நடுவில் வளைவு தட்டையாக இருந்தால் லென்ஸ் கூம்பின் மேல் நின்று ஆடும், வழுக்கி மேலேயோ பக்கவாட்டிலோ போகும், சில சமயம் பொட்டென்று கீழேயே விழும். தண்டவாளம் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தால் தெளிவாகவும் பக்கத்தில் திரும்பினால் மங்கலாகவும் இருந்தால் பெரும்பாலும் இதுதான். வளைவு அளவுக்கு மீறிக் குழிவாக இருந்தால் நேர்மாறு, நடுவில் கண்ணீர் தேங்கும், குமிழி நிற்கும், லென்ஸ் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். சிமிட்டும்போது ஆர்ஜிபி லென்ஸ் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து திரும்ப வர வேண்டும். அந்த நகர்வில்தான் பின்னால் இருக்கிற கண்ணீர் மாறும். கெரட்டோகோனஸ் கண்ணுக்குப் பல பிட்டர்கள், அதாவது லென்ஸை அளவெடுத்துப் பொருத்துகிறவர்கள், குறிவைப்பது நுனியில் மிக லேசான தொடுகை, இரண்டு பக்கமும் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கல், அதாவது மொத்த எடையும் நுனியில் விழாமல் மூன்று இடத்தில் பகிர்ந்துகொள்வது.

ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் இமை தட்டும், தூசி உள்ளே போகும். கீழ் ஓரம் மட்டும் தூக்கி நிற்பது கூம்பு கீழே சரிந்திருப்பவர்களுக்கு ரொம்ப சகஜம், அந்தப் பக்கத்தை மட்டும் உள்ளே மடித்துச் செய்கிற டிசைன்கள் ரோஸ் கே வகையில் இருக்கின்றன. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் ரோஸ் என்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் உருவாக்கியதால் அந்தப் பெயர்.

ஸ்க்ளீரல் போட்டு மூன்று நாலு மணி நேரத்தில் எல்லாம் புகை மூட்டமாகிவிடுகிறதே?

ஸ்க்ளீரல் போடுகிறவர்களிடம் அதிகம் கேட்கிற புகார் இதுதான். காரணம் ஒன்றல்ல என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே சலைன் குளம் ஒன்று இருக்கிறது. வெளியே இருக்கிற கண்ணீரில் கொழுப்பு, சளி, செல் துணுக்கு எல்லாம் மிதக்கும். லென்ஸின் விளிம்பு எங்காவது ஒரு பக்கம் வெள்ளைவிழியை ஒட்டாமல் தூக்கியிருந்தால் அந்த இடைவெளி வழியாக அதெல்லாம் குளத்துக்குள் வந்து கலங்கிவிடும். குளத்தின் ஆழம் தேவைக்கு அதிகமாக இருந்தால் கலங்கல் இன்னும் மோசம். அதனால் முதல் சந்தேகம் விளிம்பின் மேல், இரண்டாவது ஆழத்தின் மேல். கருவிழியின் மேல் நிற்கிற சலைன் ஆழம் லென்ஸ் நன்றாகப் பதிந்த பிறகு சுமார் 150 முதல் 250 மைக்ரான் வரை இருந்தால் போதும் என்பது பல பிட்டர்களின் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, சராசரிக் கருவிழியின் தடிமனே ஏறக்குறைய 540 மைக்ரான்தான், கெரட்டோகோனஸ் கண்ணில் அதைவிடக் குறைவு.

மூன்றாவது காரணம் லென்ஸில் இல்லை, இமையில் இருக்கிறது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால், அலர்ஜி இருந்தால், எவ்வளவு நன்றாகச் செய்த லென்ஸும் மங்கும். இமைக்கு வெந்நீர் ஒத்தடம், டாக்டர் எழுதிக் கொடுத்த அலர்ஜி மருந்து என்று அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். இதைப் பார்க்காமல் லென்ஸை மட்டும் மாற்றி மாற்றிச் செய்தால் பணம்தான் கரையும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: மங்கியதும் லென்ஸைக் கழற்றி, கழுவி, புது சலைன் ஊற்றித் திரும்பப் போடுங்கள். உடனே பளிச்சென்று ஆனால் பிரச்சினை உள்ளே குளத்தில். கழற்றாமல் லென்ஸின் வெளிப்பக்கத்தை சலைனில் நனைத்த ப்ளன்ஜரால் (லென்ஸைப் போடவும் கழற்றவும் வைத்திருக்கிற சின்ன ரப்பர் உறிஞ்சி) மெதுவாகத் துடைத்தாலே தெளிந்துவிட்டால் பிரச்சினை மேற்பரப்பில், அதாவது லென்ஸின் மேல் கண்ணீர் ஒட்டாமல் காய்ந்து போகிறது. இந்த ஒரு தகவல் பிட்டருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

போட்ட உடனே குமிழி தெரிகிறது. பிட்டிங் தப்புதானே?

முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். முகம் தரைக்குச் சமமாகக் குனிந்திருக்க வேண்டும், லென்ஸில் சலைன் விளிம்பு வரை தளும்ப நிற்க வேண்டும், கண்ணைத் தொடும் வரை ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. பேஸினில் பாதி சலைனைக் கொட்டிவிட்டுப் போட்டால் யாருக்கும் குமிழி வரும். ஒழுங்காகப் போட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குமிழி வந்தால், அல்லது போடும்போது இல்லாமல் மத்தியானம் புதிதாக முளைத்தால், விளிம்பு அங்கே தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லுங்கள்.

மாலையில் கழற்றும்போது லென்ஸ் வரவே மாட்டேன் என்கிறது. கண்ணில் வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது.

லென்ஸ் இறுக்கம். கண்ணாடியில் உற்றுப் பாருங்கள். லென்ஸ் விளிம்புக்கு அடியில் போகிற ரத்த நாளங்கள் அந்த இடத்தில் வெளுத்துப்போய், வெளியே சிவந்து தெரியும். வெள்ளைவிழி சுற்றிலும் ஒரே மாதிரி உருண்டை இல்லை, மூக்குப் பக்கம் ஒரு வளைவு, காதுப் பக்கம் ஒரு வளைவு. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் செய்த விளிம்பு இரண்டு பக்கம் அழுத்தி இரண்டு பக்கம் தூக்கும். இதற்கு டோரிக் விளிம்பு என்று, எதிரெதிரே உள்ள இரண்டு பக்கத்துக்கு ஒரு அளவு, குறுக்கே உள்ள மற்ற இரண்டு பக்கத்துக்கு வேறு அளவு வைத்துச் செய்கிறார்கள். வெள்ளையில் மஞ்சளாக ஒரு சின்ன மேடு, பிங்குவெகுலா, இருந்தால் அந்த இடத்தில் மட்டும் விளிம்பில் ஒரு வெட்டோ வளைவோ வைத்துத் தரலாம்.

வராத லென்ஸை நடுவில் ப்ளன்ஜர் வைத்து இழுக்காதீர்கள், தயவுசெய்து. இரண்டு மூன்று சொட்டு சலைன் விட்டு, கீழ் இமையால் விளிம்பை லேசாக அமுக்கிக் கொஞ்சம் காற்று உள்ளே போக விட்டு, ப்ளன்ஜரை ஓரத்தில் வைத்து மேலே சாய்த்து எடுக்க வேண்டும்.

சரிபார்க்கப் போகும்போது எப்படிப் போக வேண்டும்?

லென்ஸைப் போட்டுக்கொண்டு, போட்டுச் சில மணி நேரம் ஆன பிறகு போக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

காலை 9 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு டப்பாவில் லென்ஸை எடுத்துக்கொண்டு போய், அங்கே போட்டு, பத்து நிமிஷத்தில் பார்க்கச் சொன்னால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஸ்க்ளீரல் போட்ட பிறகு மெதுவாகக் கண்ணில் அமிழும். சில மணி நேரத்தில் 100 மைக்ரான் அளவுக்குக் கூட இறங்கும், காலையில் நல்ல இடைவெளியோடு இருந்தது மாலையில் கருவிழியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பிட்டர் பார்க்க வேண்டியது அந்த மாலைக் கண்ணை. அதனால் பிற்பகல் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை காலை மட்டும்தான் முடியும் என்றால் விடியற்காலையிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கண் சிவந்து வலித்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

புகாரைக் குறித்துக்கொண்டு போங்கள். "சரியா இல்லை மேடம்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "இடது கண், போட்டதும் நல்லா இருக்கு, மதியம் 2 மணிக்கு மேல மூக்குப் பக்கம் குத்துது, சாயந்திரம் கழட்டினா அதே இடத்துல சிவப்பு" என்று சொன்னால் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும். சிவந்த கண்ணை போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் பயன்படுத்துகிற சலைன், சொல்யூஷன், ப்ளன்ஜர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், பல சமயம் குற்றவாளி லென்ஸ் இல்லை, பாட்டில்.

அங்கே என்னதான் பார்ப்பார்கள்?

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்லிட் லாம்ப் கருவியின் முன் உட்கார வைத்து, ஃப்ளோரசின் என்கிற ஆரஞ்சுச் சாயத்தைத் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் தொடுகிற இடம் கருப்பாகத் தெரியும். ஆர்ஜிபிக்கு இதுவே முக்கால் பங்கு விடை. ஸ்க்ளீரலில் லென்ஸின் தடிமனோடு சலைன் குளத்தின் தடிமனை ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள், கண்ணின் முன்பக்கத்தை ஒளியால் படம் பிடிக்கிற ஓசிடி கருவி இருந்தால் ஸ்கேன் எடுத்து மைக்ரான் கணக்கிலேயே அளந்துவிடலாம். கழற்றிய பிறகு திரும்பவும் சாயம் விட்டுக் கருவிழியில் சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் அனுப்பினால் நீங்களே கேளுங்கள்.

லென்ஸ் போட்ட நிலையில் பவரையும் பரிசோதிப்பார்கள். எதிரே ட்ரையல் கண்ணாடி வைத்ததும் எழுத்துகள் தெளிந்தால் பவர் மாற்றினால் போதும், என்ன வைத்தாலும் நிழல் நிழலாகவே தெரிந்தால் பிட்டிங்கிலோ கண்ணிலோ விஷயம் இருக்கிறது.

வளைவை மட்டும்தான் மாற்றினார்கள். பவர் ஏன் மாறியது?

லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் இருக்கிற கண்ணீரும் ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்கிறது. ஆர்ஜிபியில் பேஸ் கர்வை, அதாவது பின்பக்க வளைவை, 0.05 மில்லிமீட்டர் குழிவாக்கினால் தோராயமாக 0.25 பவர் ப்ளஸ் கூடும், அதை ஈடுகட்ட லென்ஸில் அதே அளவு மைனஸ் சேர்ப்பார்கள். தப்பாக எழுதிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

இதே லென்ஸை இழைத்துச் சரிசெய்ய முடியாதா? ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்?

ஆர்ஜிபியில் கொஞ்சம் முடியும். விளிம்பைப் பாலிஷ் போடுவது, விட்டத்தைச் சற்றுக் குறைப்பது, ஓர வளைவைத் தளர்த்துவது, பவரில் சின்ன மாற்றம். லென்ஸிலிருந்து இழைத்து எடுப்பதுதான் சாத்தியம், இழைத்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது. இதற்கான கருவியும் கைப்பழக்கமும் உள்ள இடங்கள் இப்போது குறைந்துவிட்டன. ஸ்க்ளீரலில் அநேகமாகப் புது லென்ஸ்தான்.

எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கும்? ஒவ்வொரு தடவையும் பணம் கட்டணுமா?

முதல் லென்ஸே கச்சிதமாக அமைவது சிலருக்கு நடக்கும், எல்லாருக்கும் நடக்காது. அளவு ரவிக்கை கொடுத்துத் தைத்தாலும் முதல் தடவை அக்குளில் பிடிக்கிறது, பிரித்துத் தைக்கிறார்கள், அதற்காக யாரும் டெய்லரோடு சண்டைக்குப் போவதில்லை. இங்கேயும் ஒன்றிரண்டு மாற்றம் என்பது வேலையின் ஒரு பாகம். திரும்பத் திரும்ப மாற்றியும் அதே புகார் அதே இடத்தில் நிற்கிறது என்றால் டிசைனையோ ஆளையோ மாற்ற வேண்டிய நேரம்.

பணத்தைப் பொறுத்தவரை இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. பல லென்ஸ் கம்பெனிகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் அளவை மாற்றிச் செய்துதர ஒரு ஏற்பாடு வைத்திருக்கும். அது எத்தனை நாள், எத்தனை தடவை, பழைய லென்ஸை உடையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, பிட்டிங் கட்டணம் தனியா, இதையெல்லாம் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் கேட்டு, பில்லிலோ சீட்டிலோ எழுதி வாங்குங்கள். கெடு முடிகிற தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். "இன்னும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டே கெடுவைத் தாண்டியவர்கள் நிறையப் பேர்.

பிட்டர் காது கொடுத்தே கேட்கவில்லை. வேறு இடம் போகலாமா?

தாராளமாக. போகும்போது உங்கள் லென்ஸின் முழு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்: டிசைன் பெயர், பேஸ் கர்வ், விட்டம், பவர், விளிம்பு அளவு, ஸ்க்ளீரல் என்றால் உயரம், எந்தப் பொருளில் செய்தது. கூடவே டாப்போகிராபி, அதாவது கருவிழியின் மேடுபள்ள வரைபட, ரிப்போர்ட்டின் நகல். இது உங்கள் கண்ணைப் பற்றிய விவரம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்தச் சீட்டு இருந்தால் அடுத்தவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பணத் தகராறு என்றால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் லென்ஸ் முதல் தடவை சரியாக அமையவில்லை என்பது மட்டும் சேவைக் குறைபாடு ஆகிவிடாது. சொன்ன மாற்றத்தைச் செய்துதர மறுத்தார்கள் என்பதற்கு உங்கள் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

சென்னையில் எந்த மாதிரி இடத்துக்குப் போவது?

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் இதைச் செய்ய முடியாது. கார்னியா (கருவிழி) பிரிவும் தனி கான்டாக்ட் லென்ஸ் கிளினிக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடமாகப் பாருங்கள், ஏனென்றால் பிரச்சினை லென்ஸா நோயா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் சங்கர நேத்ராலயா இருக்கிறது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரவிந்த் இருக்கிறது, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. இன்னும் பல தனியார் மருத்துவமனைகளிலும் இந்த வசதி உண்டு. போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: ஸ்க்ளீரல் ட்ரையல் செட் வைத்திருக்கிறீர்களா, எத்தனை டிசைன், முன்பக்க ஓசிடி உண்டா. தடுமாறாமல் பதில் வந்தால் போங்கள். பெரிய இடங்களில் பாதி நாள் போய்விடும், டிபன் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

இரண்டு வருஷம் நன்றாகப் போட்ட லென்ஸ். இப்போது மட்டும் ஏன்?

முதலில் சில்லறைக் காரணங்கள். வலது இடது மாறியிருக்கலாம், சிரிக்காதீர்கள், ரொம்பச் சகஜம். லென்ஸ் அழுத்தித் தேய்த்ததில் வளைந்திருக்கலாம், விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், புரதப் படிவு ஏறியிருக்கலாம். சலைன் பிராண்ட் மாறியிருக்கலாம்.

இவை இல்லையென்றால் கண் மாறியிருக்கிறது. இளவயதில், அதுவும் கண்ணைக் கசக்குகிற பழக்கம் உள்ளவர்களுக்குக் கூம்பு கூர்மையாகிக்கொண்டே போகும், நேற்று இடைவெளியோடு நின்ற லென்ஸ் இன்று நுனியில் தொடும். அப்போது புது லென்ஸுக்கு முன்னால் டாப்போகிராபி எடுத்து, நோய் முன்னேறுகிறதா, கருவிழியை உறுதியாக்கி நோயை நிறுத்தப் பார்க்கிற சி3ஆர் என்கிற க்ராஸ்லிங்கிங் சிகிச்சை தேவையா என்று கார்னியா டாக்டர் பார்க்க வேண்டும். லென்ஸ் பார்வையைக் கொடுக்கும், நோயை நிறுத்தாது. சி3ஆர் செய்த பிறகு கருவிழியின் வடிவம் சில மாதங்களுக்கு மெல்ல மாறும், பழைய லென்ஸை டாக்டர் சொல்லாமல் திரும்பப் போடக் கூடாது.

புது அளவு எடுக்கப் போவதற்கு முன் லென்ஸை எத்தனை நாள் போடாமல் இருக்க வேண்டும் என்று போனில் கேட்டுவிடுங்கள். ஆர்ஜிபி கருவிழியை அமுக்கி வைத்திருக்கும், காலையில் கழற்றி மதியம் ஸ்கேன் எடுத்தால் வருவது கண்ணின் வடிவம் இல்லை, லென்ஸ் அமுக்கிய வடிவம். இரண்டு கண்ணிலும் லென்ஸ் இல்லாமல் இருக்க முடியாது, வேலைக்குப் போயாக வேண்டும் என்றால் ஒவ்வொரு கண்ணாகச் செய்யச் சொல்லலாம்.

சென்னை வெயிலுக்கும் ஏசிக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. ஓஎம்ஆர் ஆபீஸில் நாள் முழுக்க ஏசி காற்று முகத்தில் அடிக்க, சிமிட்டாமல் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல லென்ஸும் காய்ந்து மங்கும். காற்று வரும் திசையை மாற்றுங்கள், ப்ரிசர்வேடிவ் இல்லாத சொட்டு மருந்தை லென்ஸுக்கு மேலேயே விடலாம். மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் ஆர்ஜிபியோடு வண்டி ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் வைசர் மூடியே இருக்கட்டும், ஒரு மணல் உள்ளே போனால் நடுரோட்டில் கண் திறக்க முடியாது. தூசி ஆர்ஜிபிக்குத்தான் எதிரி, ஸ்க்ளீரலுக்குள் சுலபத்தில் நுழையாது. தூசிக்காகவே ஆர்ஜிபியிலிருந்து ஸ்க்ளீரலுக்கு மாறுவது நியாயமான காரணம்.

வேறு வகைக்கு மாறினால் சரியாகுமா?

சில சமயம். ஆர்ஜிபி பார்வை நன்றாக இருந்து உறுத்தல் மட்டும் பிரச்சினை என்றால் அடியில் ஒரு சாஃப்ட் லென்ஸ், மேலே ஆர்ஜிபி என்று இரட்டையாகப் போடுவது உண்டு, பிக்கிபேக் என்பார்கள். நடுவில் கெட்டி, சுற்றிலும் சாஃப்ட் என்ற ஹைப்ரிட் உண்டு. ஆரம்ப நிலைக் கூம்பு என்றால் சிலருக்குத் தடிமனான தனிவகை சாஃப்ட் லென்ஸே போதும். ஒழுங்காகப் பிட்டிங் செய்யாத ஆர்ஜிபியிலிருந்து ஒழுங்காகப் பிட்டிங் செய்யாத ஸ்க்ளீரலுக்கு மாறினால் செலவுதான் மாறும். "லென்ஸ் ஒத்துவரவில்லை, கருவிழி மாற்று செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், கண்டிப்பாக இன்னொரு கான்டாக்ட் லென்ஸ் கிளினிக்கில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். மாற்று அறுவைக்குப் பிறகும் பலருக்கு லென்ஸ் தேவைப்படும்.

குழாய்த் தண்ணீரில் ஒரே ஒரு தடவை கழுவினால்?

வேண்டாம். மெட்ரோ வாட்டர், ஆர்ஓ, கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது, எதுவும் வேண்டாம். தண்ணீரில் இருக்கிற அகாந்தமீபா என்கிற நுண்ணுயிர் கருவிழியில் இறங்கினால் மாதக்கணக்கில் வைத்தியம், பார்வையே போகலாம். ஸ்க்ளீரலை நிரப்ப ப்ரிசர்வேடிவ் இல்லாத, ஒரு தடவை திறந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுகிற சின்ன சலைன் குப்பிதான் சரி. பெரிய ட்ரிப் பாட்டிலில் ஊசி குத்தி வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாவது சில ரூபாய்.

எப்போது அப்பாயின்ட்மென்ட் கேட்காமல் ஓட வேண்டும்?

லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், சீழ் மாதிரி வந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பார்வை சட்டென்று விழுந்தால். கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்குத் திடீரென்று கருவிழி வெண்மையாக வீங்குவதும் உண்டு, அதற்கு ஹைட்ராப்ஸ் என்று பெயர். ராத்திரியானாலும் கண் எமர்ஜென்சி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், அதிலிருந்து கல்ச்சர் எடுத்து என்ன கிருமி என்று பார்க்க வேண்டி வரலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து மட்டும் வாங்கி விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ. நான் லென்ஸ் போடலாமா?

உங்களுக்கு வரவில்லை என்றால் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போடலாம், துண்டும் தலையணையும் தனி. உங்களுக்கு வந்துவிட்டால் டாக்டர் சொல்லும் வரை லென்ஸ் கிடையாது, டப்பாவையும் ப்ளன்ஜரையும் மாற்றிவிடுங்கள்.

புது லென்ஸ் சரியாக அமைந்துவிட்டது. பழையதைத் தூக்கிப் போடலாமா?

கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டியது என்றால் தந்துவிடுங்கள். இல்லையென்றால் பிட்டரிடம் காட்டி, அவசரத்துக்குச் சில மணி நேரம் போடத் தகுமா என்று கேளுங்கள். கருவிழியில் உரசிய லென்ஸ் என்றால் அவசரத்துக்கும் வேண்டாம். தகும் என்றால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த டப்பாவில் தேதியும் கண்ணும் எழுதி வையுங்கள், திரும்ப எடுக்கும்போது சொல்யூஷனில் முறைப்படி ஊறவைத்த பிறகே போட வேண்டும்.